மலை ஏரியும் நம் மீதுள்ள அமானத்தும்

(கோடை விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மலைகளை உயர்த்தி, அவற்றின் மடியில் நீரைத் தேக்கி வைத்து, அந்த நீரைக் கொண்டு சமவெளியில் வாழும் நம்மையும் போஷித்து வரும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரித்தாகுக. ஒரு மிடறு தண்ணீர் அருந்தினாலும் அதற்காக நன்றி செலுத்தக் கற்றுத்தந்த அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் தூய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் என்றென்றும் நிலவுவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை தொடங்கிவிட்டது. நம் மஹல்லாவில் பல குடும்பங்கள் கொடைக்கானல் செல்ல ஆயத்தமாகி வருவதாக அறிகிறேன். அவர்களில் முதன்முறையாக மலையேறப் போகிறவர்களும் இருக்கின்றனர். சென்ற வாரம் தொழுகை முடிந்தபின் ஒரு சகோதரர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத்! பிள்ளைகள் அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்க இப்படிச் செலவு செய்வது கூடுமா?" என்று வினவினார். தனிப்பட்ட முறையில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆயினும் அந்த வினா நம்மில் பலருடைய உள்ளத்திலும் இருப்பதால், இன்றைய உரையை அதற்கே உரியதாக்கிக்கொள்கிறேன்.

பயணம் கூடுமா?

கூடும். கூடும் என்பதோடு நிற்கவில்லை; பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதையும், முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்பதையும் கண்ணால் காணுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் நோக்கிச் சிந்திக்கும்படி அது அழைக்கிறது. மலையைக் காண்பதும், மலைமேல் தேங்கிய நீரைக் காண்பதும் அந்த அழைப்புக்குள் அடங்கியவைதாம். மனைவி மக்களை மகிழ்விக்கச் செலவிடும் பொருளும், எண்ணம் நேராக இருந்தால், நன்மையாகவே எழுதப்படும்.

ஆனால் அன்பர்களே, காண்பது வேறு. கண்டு உணர்வது வேறு. ஒரு மணி நேரத்தில் ஏரியைச் சுற்றிவிட்டு, குதிரைச் சவாரியும் படகுச் சவாரியும் முடித்து, நூறு புகைப்படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். அப்படித் திரும்புகிறவன் அந்த நீரைப் பார்த்தானா என்றால், அவனுடைய கைப்பேசி பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றை நம் முன்னோர் நமக்கு வரிசையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிறருக்குத் தர வேண்டிய கடன் இருந்தால் அதைத் தீர்த்துவிட வேண்டும். அல்லது கடன் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டாவது செல்ல வேண்டும். கடன்காரர் வாசலில் காத்திருக்க, நாம் ஏரியில் படகு விடுவது அழகன்று. மூவர் சேர்ந்து பயணம் செய்தால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். யார் பேச்சை யார் கேட்பது என்ற பிணக்கினால் பாதி வழியில் கசந்துபோன குடும்பப் பயணங்களை நாம் அறிவோம். தொழுகையைச் சுருக்குவது பற்றியும் சேர்த்துத் தொழுவது பற்றியும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் தூரக் கணக்கும் சட்டமும் வேறுபடுகின்றன. ஆகவே உங்கள் ஊரிலிருந்து உள்ள தொலைவைச் சொல்லி, புறப்படும் முன்பே ஆலிமிடம் கேட்டுத் தெளிவடைந்து கொள்ளுங்கள்.

மலைப்பாதைக்கென்றே ஒரு சுன்னத்தும் உண்டு. நபித்தோழர்கள் பயணத்தில் மேடேறும்போது தக்பீர் கூறினார்கள். பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹ் கூறினார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலையில் வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறும்போது பிள்ளைகளை வாந்திக்கு மட்டும் ஆயத்தப்படுத்தாதீர்கள். இந்தத் திக்ரையும் சொல்லிக் கொடுங்கள். உயரத்தில் ஏறுகிறவனுக்குத் தானே உயர்ந்தவன் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதால் அங்கே தக்பீர். தாழ்ந்து இறங்கும்போது, எக்குறைவும் அற்றவன் அவன் ஒருவனே என்று நினைவுகூர தஸ்பீஹ். எவ்வளவு அழகிய பயிற்சி!

ஒரு பெரியவர் கேட்ட வினா

இந்த எளியவன் கொடைக்கானல் ஏரியை முதன்முதலாகக் கண்டது நம் ஜமாஅத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவருடன். எழுபது வயதைக் கடந்தவர். கிணற்றுப் பாசனத்தில் வெங்காயமும் சோளமும் விளைவித்துப் பிழைத்தவர். அதுவரை அவரும் மலையேறியதில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் படகுத் துறைக்கு ஓடினார்கள். அவரோ கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரை மரங்களின் நிழல் நீரில் விழுந்திருந்தது; மஞ்சு இறங்கி அதை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. "என்ன அத்தா, அப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஹஜ்ரத்! இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? எங்கே போகிறது?" என்றார்.

வாழ்நாள் முழுவதும் கிணற்றின் அடியை எட்டிப் பார்த்துக் கவலைப்பட்ட விவசாயி கேட்ட வினா அது. அசர் நேரம் வந்ததும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். அதில் முக்கால் பங்கில் ஒளூவை நிறைவு செய்து, எஞ்சியதைக் குடித்தார். முன்னால் ஓர் ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆயினும் அவருடைய கை சிக்கனத்தை விடவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்பதை ஏட்டில் படித்த நாம், அந்த அளவை அவர் கையில் கண்டோம்.

அவருடைய இரண்டு வினாக்களையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? மலை ஏரியைக் காணச் செல்கிற ஒவ்வொருவரும் இவ்விரண்டுக்கும் விடை அறிந்து செல்வாராயின், நம் நடத்தை தானாகவே திருந்திவிடும்.

எங்கிருந்து வருகிறது?

கொடைக்கானல் ஏரியை இயற்கையாக அமைந்த ஏரி என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று. பழனி மலைமேல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்தில், முன்பு சதுப்பு நிலமும் சிற்றோடைகளுமே இருந்தன. மலையின் பழங்குடி மக்களான பளியர்கள் காலங்காலமாக அம்மலையில் வாழ்ந்து வந்தார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி, மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ஆம் ஆண்டில் அங்கே வீடு கட்டிக்கொண்டு குடியேறினார்கள். பின்னர் 1863-ஆம் ஆண்டில், மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி இந்த ஏரியை உண்டாக்கினார். விண்மீன் போன்ற வடிவில், சுமார் 24 ஹெக்டேர் பரப்பில் பரந்துள்ள அதைச் சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. கரையை எழுப்பியது மனிதன். தண்ணீரைப் படைத்தது மனிதன் அல்லன். எத்துணைப் பெரிய அதிகாரியாக இருந்தாலும், எத்துணைச் செல்வம் படைத்தவனாக இருந்தாலும், ஒரு துளி நீரைத் தன் கட்டளையால் வானிலிருந்து இறக்கிவிட முடியாது. நீரை ஓர் அளவோடு இறக்குவதும், அதைப் பூமியில் தங்க வைப்பதும், விரும்பினால் அதை அகற்றிவிடுவதும் தன் ஆற்றலில் உள்ளவை என்று அல்லாஹ் திருமறையில் நமக்கு நினைவூட்டுகிறான். மனிதனால் இயன்றது, வந்த நீரைப் பேணுவது ஒன்றுதான். அதைச் செய்தவனின் பயன் 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் நிற்கிறது. செய்யாதவனின் ஊரில் மழை பெய்தும் குடம் காலியாக இருக்கிறது.

அந்த மலையில் நீரைப் பேணுபவை சோலைகள். மலை மடிப்புகளில் குட்டையான பசுமை மரங்கள் அடர்ந்து நிற்க, மேட்டுப் பகுதிகளில் புல்வெளி பரந்திருக்கும். மரங்களின் மேல் படர்ந்த பாசியும், தரையில் மக்கிய இலைகளும், புல்லின் வேரும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் மாதக்கணக்கில் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அந்தப் புல்வெளிகளில்தான் வளர்கிறது. 2006-இலும் 2018-இலும் பூத்தது. அல்லாஹ் நாடினால் 2030-இல் பூக்கும். கடந்த நூற்றாண்டில் அப்புல்வெளிகளின் பெரும்பகுதியில் சீகை மரமும் பைன் மரமும் தைல மரமும் நடப்பட்டன. அந்த மரங்கள் கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றினாலும், புல்வெளி செய்துவந்த வேலையை அவை செய்வதில்லை. பசுமையெல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

பிள்ளைகள் உங்களிடம், "மலை உச்சி சூரியனுக்கு அருகில்தானே இருக்கிறது? பிறகு ஏன் குளிர்கிறது?" என்று கேட்பார்கள். அதட்டி அடக்கிவிடாதீர்கள். தரை சூடாகி, அதன் சூட்டால் காற்று சூடாகிறது. அக்காற்று மேலே எழ எழ விரிந்து குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவேதான் இங்கே வியர்க்கும் நாளில் அங்கே கம்பளி தேவைப்படுகிறது என்று விளக்குங்கள். படைப்பின் ஒழுங்கைப் பிள்ளைக்குப் புரியவைப்பதும் ஈமானை வளர்ப்பதே.

எங்கே போகிறது?

இது இரண்டாவது வினா; நமக்கு மிகவும் வேண்டியதும் இதுவே. ஏரி நிரம்பினால் வழியும் நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஓடையாக ஓடி, ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், மலைச்சாலையின் ஓரத்திலேயே வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கொட்டுகிறது. மேலே ஏறும்போது எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடம் அது. நம்மவர்கள் அதனடியில் நின்று முகம் கழுவுகிறார்கள். அது மேலேயுள்ள ஏரியின் நீர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஏரியில் ஒருவர் எறிந்தது அருவியில் மற்றொருவர் முகத்தில் வந்து விழுகிறது. அதற்கப்பால் அந்த நீர் நம் சமவெளியை நோக்கித்தான் இறங்குகிறது.

கொடைக்கானல் மலைமேல் பேரிஜம் என்ற மற்றோர் ஏரியும் உண்டு. வனத்துறையின் அனுமதி பெற்றுத்தான் அங்கே செல்ல முடியும். சிலர் இதைத் தொல்லை என்று குறைகூறுவார்கள். அந்த ஏரியின் நீர் பெரியகுளம் நகரத்தாருக்குக் குடிநீராகச் செல்கிறது என்பதை அறிந்தால் குறைகூற மனம் வராது. ஒரு நகரத்தின் குடிநீர்ப் பானையை, வருவோர் போவோர் எல்லாம் கைவிட்டு அளைய யார்தான் இசைவார்?

நபி (ஸல்) அவர்கள் கூறிய ஓர் உவமையை நினைவுகூருங்கள். ஒரு கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம் பெற்றார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே சென்று வர நேர்ந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொல்லை தர வேண்டும், நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள். அதைக் கண்டும் மற்றவர்கள் தடுக்காமல் விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள் என்பதே அதன் கருத்து. மலையும் சமவெளியும் ஒரே கப்பலின் இரண்டு தட்டுகள். இங்கே துளை மேல்தட்டில் விழுகிறது, மூழ்குவது கீழ்த்தட்டு. நாமோ கீழ்த்தட்டில் குடியிருந்துகொண்டு, விடுமுறைக்கு மேலே சென்று, நம் கையாலேயே துளை போட்டுவிட்டு வருகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

சகோதரர்களே! இது கற்பனை அச்சம் அன்று. அந்த ஊரில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன், செவிமடுங்கள்.

1980-களின் முற்பகுதியில் கொடைக்கானலில் உடல் வெப்பமானி செய்யும் ஆலை ஒன்று நிறுவப்பட்டது. அதன் இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஊருக்கு வேலை கிடைத்தது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். வெப்பமானிக்குள் இருப்பது பாதரசம். அது சிந்தினால் ஆவியாகி மூச்சில் கலக்கும். சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். நீர்நிலையில் சேர்ந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய நஞ்சாக மாற்ற, மீனின் உடலில் ஏறி, மீன் உண்பவன் உடலில் சேரும்.

2001-ஆம் ஆண்டில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவுகள் அவ்வூர்க் கடைத்தெருவில் ஒரு காயலான் கடையில் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்து வெளிப்படுத்தினார்கள். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. 2003-இல் அக்கழிவின் பெரும்பகுதி கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆலையின் பின்புறம் இருந்த பாம்பார் சோலையின் நீர் வைகையை நோக்கி இறங்குவது. ஹைதராபாதில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் ஒன்றின் அறிவியலாளர்கள், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் அடி வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததைத் தங்கள் ஆய்வில் பதிவு செய்தார்கள். எந்த ஏரியின் அழகைக் காண நாம் செல்கிறோமோ, அந்த ஏரியில்தான்!

தொழிலாளர்கள் தங்கள் நோய்க்கு நியாயம் கேட்டார்கள். நோய்க்கு ஆலை காரணமன்று என்று நிறுவனம் மறுத்து வந்தது. நீண்ட வழக்குக்குப் பின், 2016-இல்தான் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள்! வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு, அந்தப் பதினைந்து ஆண்டுகளின் கனம் தெரிய வேண்டும்.

இதில் ஒரு செய்தி நம் வணிகர்களுக்கு. காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்து வணிகர்களால் ஏற்பட்டது என்பார்கள். பழைய பொருள் வாங்கி விற்கும் தொழில் நம் சமுதாயத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஹலாலான உணவளித்து வருகிறது. அத்தொழிலில் இருப்போர், எடைக்கல்லில் நேர்மை காட்டுவதோடு, வாங்கும் பொருள் என்ன, அது எங்கிருந்து வருகிறது, அதைத் தொடும் வேலைக்காரப் பையனுக்கு அது தீங்கு செய்யுமா என்பதையும் விசாரித்தறிய வேண்டும். தானும் தீங்குறாமல், பிறருக்கும் தீங்கு செய்யாமல் இருப்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மலிவாகக் கிடைத்தது என்பதால் நஞ்சு நஞ்சாகாமல் போய்விடாது.

நம் கையால் விளைவது

பெரிய ஆலைகளை மட்டும் குறைகூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நாம் தங்கும் விடுதியின் கழிவுநீர் எங்கே செல்கிறது? அது ஏரியில் கலப்பது குறித்த முறையீடுகள் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. நாம் குடித்து எறியும் புட்டியும், பிரியாணிப் பொட்டலத்தின் நெகிழித் தாளும் எங்கே செல்கின்றன? 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதித்தது. கூட்டமும் வாகனமும் மலையின் தாங்கும் ஆற்றலை மீறியதால், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்வோருக்கு இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்த பிறகுதானா நாம் திருந்த வேண்டும்?

மக்கள் நீர் எடுக்கும் இடத்திலும், நடக்கும் பாதையிலும், இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள். ஏரிக்கரை ஒன்றில் இம்மூன்றும் ஒருங்கே உள்ளன: நீர், பாதை, நிழல். அந்த எச்சரிக்கையை வைத்துக்கொண்டு கரையோர மரத்தடிகளைப் பாருங்கள். நம் தலை தாழ்ந்துவிடும். தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றிருக்க, தொல்லையைப் பாதையில் கொண்டுபோய்ப் போடுபவரின் நிலை என்ன?

இன்னொன்று. வழியோரங்களில் அமர்வதைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தபோது, அமர்ந்து பேச எங்களுக்கு வேறு இடமில்லை என்று அவர்கள் கூறினர். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு பணித்து, பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் உரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவற்றை அண்ணலார் எடுத்துரைத்தார்கள். ஏரிக்கரையில் அமரும் நம் இளைஞர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டுமா? அங்கே வரும் குடும்பங்கள் உங்களால் அஞ்சக் கூடாது. உரத்த பாட்டும் கூச்சலும், பிறர் வீட்டுப் பெண்களைப் படமெடுப்பதும் ஓர் இறைநம்பிக்கையாளனின் செயல்கள் அல்ல.

நீரில் இறங்குவோர் கவனத்திற்கு

படகுச் சவாரி பற்றியும் ஒரு சொல். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததாக அப்போது செய்திகள் வந்தன. காண ஆசைப்பட்ட ஒரு நொடி! அவர்களும் நம்மைப் போல் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்தவர்கள்தாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா, கட்டாமல் தவக்குல் வைக்கட்டுமா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். படகில் மிதவைச் சட்டையை அணிவது ஒட்டகத்தைக் கட்டுவது போன்றது. "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று அதைக் கழற்றி வைப்பதற்குத் தவக்குல் என்று பெயரில்லை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றும் படகில், கட்டணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஏறிவிடாதீர்கள். இறங்கி நின்று, மற்றவர்களையும் தடுங்கள். அதுவும் கப்பலில் துளையிடுபவன் கையைப் பிடிப்பதே.

மலைவாழ் மக்களின் பங்கு

நாம் இரண்டு நாள் விருந்தினர். அவர்கள் ஆண்டு முழுவதும் அங்கே வாழ்பவர்கள். கோடைக் கூட்டத்தில் விடுதிகளில் வெந்நீர் தாராளமாக ஓட, ஊர்த் தெருக்களில் குடங்கள் வரிசையில் நிற்கும் நிலை வரக் கூடாது. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டபோது, அதை வாங்கிப் பொதுவாக்குபவருக்கு நபி (ஸல்) அவர்கள் சுவனத்தை நற்செய்தியாகக் கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் அதைத் தம் சொந்தப் பொருளால் வாங்கி வக்ஃபு செய்தார்கள். கவனியுங்கள்: வாங்கியவரின் வாளியும் ஏனையோரின் வாளியும் அக்கிணற்றில் சமம் என்பதே நிபந்தனை. விலை கொடுத்தவருக்கே தனி உரிமை இல்லையென்றால், அறை வாடகை கொடுத்த நமக்கு மட்டும் ஏது? குழாயைத் திறந்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள்.

தாயின் மறைவுக்குப் பின் அவருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களுக்கு, தண்ணீர் என்று பதில் கிடைத்தது. அவர்கள் ஒரு கிணறு தோண்டினார்கள். மலைக்குச் சென்று ஏரியைக் கண்டு மகிழ்ந்தவர்கள் திரும்பி வந்ததும் நம் ஊர்க் கண்மாயைச் சற்றுப் பாருங்கள். அங்கே பாதிரியும் ஆட்சியரும் இருந்து செய்ததை, இங்கே நம் பாட்டன்மார் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மண்வெட்டியால் செய்து வைத்தார்கள். அதன் வரத்துக் கால்வாயில் இன்று வீட்டுக் குப்பையைக் கொட்டுவது யார்? ஏரியைக் காண 100 கிலோமீட்டர் செல்கிறோம். வீட்டருகே உள்ள நீர்நிலைக்கு முதுகைக் காட்டுகிறோம். அடுத்த மாதம் ஜமாஅத்தின் சார்பில் வரத்துக் கால்வாயைத் தூர்வார நாள் குறிக்க எண்ணியுள்ளோம். மலைக்குச் சென்று வந்த இளைஞர்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முடிவாக

அன்பு நெஞ்சங்களே! போய் வாருங்கள். மகிழ்ச்சியோடு போய் வாருங்கள். இதுவரை மலையைக் காணாத வயதான தாய் தந்தையர் வீட்டில் இருந்தால், இடம் இல்லை என்று விட்டுச் செல்லாமல் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் ஏறி இறங்க நேரமாகும். அந்த நேரத்திற்கும் நன்மை உண்டு. தண்ணீரை வீட்டிலிருந்தே பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். குப்பைக்கு ஒரு பை எடுத்துச் சென்று, நிறைத்து, திரும்பக் கொண்டு வாருங்கள். கரையில் தொழுகை நேரம் வந்தால் வெட்கப்படாமல், பாதையை அடைக்காமல் ஓர் ஓரத்தில் விரிப்பை விரியுங்கள். அங்கே வாழும் ஏழை வியாபாரியிடம் ஐந்து ரூபாய்க்காகச் சண்டையிடாதீர்கள்.

பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி அந்த இரண்டு வினாக்களையும் கேளுங்கள். இந்த நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? முதல் வினாவின் விடை அவர்களை நன்றியுள்ளவர்களாக ஆக்கும். இரண்டாம் வினாவின் விடை அவர்களைப் பொறுப்புள்ளவர்களாக ஆக்கும். நன்றியும் பொறுப்பும் சேர்ந்ததே அமானத். நீர் பூமிக்குள் ஆழச் சென்றுவிட்டால் அதை மீட்டுத் தருபவர் யார் என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறது நம் வேதம். அக்கேள்விக்கு விடையற்றுத் தலைகுனிந்து நிற்கும் நாள் நமக்கும் நம் மக்களுக்கும் வராதிருக்கட்டும்.

யா அல்லாஹ்! பயணம் செல்வோரை நலமாகக் கொண்டு சேர்த்து, நலமாகத் திருப்பிக் கொண்டுவருவாயாக! எங்கள் மலைகளின் ஓடைகளையும் எங்கள் ஊர்களின் கண்மாய்களையும் வற்றாமல் காப்பாயாக! எங்கள் கைகளால் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் பாதுகாப்பாயாக! உழைத்து நோயுற்றவர்களுக்கு நலத்தையும், நீரில் உயிர் நீத்தவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதலையும் அருள்வாயாக! கண்டதை உணரும் உள்ளத்தையும், உணர்ந்ததைச் செய்யும் ஆற்றலையும் எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.